முதல் மார்க் வாங்கிய கை

சங்கிலிமுத்து அண்ணாச்சிக்குக் கை நடுங்குகிறது என்ற செய்தி, அவருடைய மனைவி குருவம்மாளுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் புறவாசல் சுவர் இடுப்பளவுதான் உயரம். கட்டிய கொத்தனார் செங்கல்லை மிச்சம் பிடித்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. துணி காயப்போடும்போது காதில் விழுவதைக் கேட்டுக்கொள்வேன். அந்தக் கோடையில் எனக்குக் காயப்போட நிறையத் துணி இருந்தது.

அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். எங்கள் திருத்தங்கலில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெடிக்குள்ளே போகும் தூள்களை ஒன்றாகச் சேர்த்து, சலித்து, பதம் பார்த்து அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கென்று தனி அறை. செருப்பு வெளியே. இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணாச்சிக்கு இதுதான் வேலை. மருந்து கலக்கும்போது மனுஷன் மருந்தைப் பார்ப்பதே இல்லை என்று குருவம்மாளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசுமாம், கை பாட்டுக்குச் சலிக்குமாம். எந்தப் பதத்தில் நிறுத்தினார் என்று கேட்டால், “நின்னுச்சு, நிறுத்திட்டேன்” என்பாராம்.

குருவம்மாளுக்கும் அதே கம்பெனிதான். சரவெடி பின்னுகிற கொட்டகையில், செட்டு என்பார்கள், அதில் இருக்கிறாள். அவர்கள் குடியிருப்பதும் முதலாளி கட்டிவிட்ட வரிசை வீடுகளில் ஒன்று. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த வரிசையில் முன்பு இருந்த ஒருவர் முதலாளியிடம் முறைத்துக்கொண்டு நின்றார். மறுவாரம் அவருடைய கட்டிலும் பீரோவும் தெருவில் நின்றன. இப்போது மல்லாங்கிணறு பக்கம் மழையை எதிர்பார்த்துப் பருத்தி போடுகிறார் என்று கேள்வி.

வைகாசி மாதம் கம்பெனியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். பயிற்சி எடுத்துத் தேறியவர் மட்டும்தான் மருந்து அறைக்குள் போகலாம் என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். வகுப்பெடுக்க வந்தவன் ஜாபஸ். எங்கள் சபைப் பையன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வசனம் மறந்து என்னிடம் குட்டு வாங்கியவன். இன்றைக்குக் கெமிஸ்ட்ரி படித்து, பேன்ட்டுக்குள் சட்டையைச் செருகி, கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறான். நல்ல பையன்தான். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் சங்கடமே.

மருந்து அறையிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவர் அண்ணாச்சி, இன்னொருவர் பெத்தணன். பெத்தணன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கக்கூடிய ஆள். அவர் மனைவி பாண்டிலட்சுமி இந்தத் திறமையைப் பற்றி என்னிடம் பல தடவை அழுதிருக்கிறாள். அண்ணாச்சி அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு மறுபடி கூப்பிடுகிறது என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஜாபஸ் ஒரு வீடியோ போட்டானாம். ஒரு மருந்து அறை, வாசலில் ஒரு ஜோடி செருப்பு. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பு மட்டும் இருந்ததாம்.

பிறகு எந்தத் தூள் என்ன குணம், எம்புட்டுச் சின்ன உரசல் போதும், உடம்பில் ஓடும் மின்சாரம் விரல் நுனிக்கு எப்படி வரும் என்று எல்லாம் சொன்னான். கடைசியில் கேள்வி கேட்டான். பெத்தணன் எல்லாவற்றுக்கும் “தண்ணி ஊத்தணும்” என்று ஒரே பதிலைச் சொல்லித் தோற்றார். அண்ணாச்சி ஒன்று விடாமல் சொல்லி முதல் மார்க். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து, இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். குருவம்மாள் வீடு வீடாக மிக்சர் கொடுத்தாள். நான் இரண்டாம் தடவையும் கையை நீட்டினேன், சந்தோஷ விஷயம் என்பதால்.

“டாக்டர் சங்கிலிமுத்து வாராரு, எந்திரிங்கப்பா” என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். அண்ணாச்சி சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் கவனித்தேன். கவனிப்பது ஒன்றுதான் என்னுடைய கெட்ட பழக்கம்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், நான் காய்ந்துபோன துணியையே மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

“குருவு, கை சொன்னபடி கேக்க மாட்டேங்குது.”

“என்ன சொன்னீக, அது கேக்கலைங்கிறதுக்கு?”

“வெளையாடாத. சல்லடையத் தூக்குனா ஆடுது. வலிக்கல, மரக்கல. ஆடுது.”

“ஒடம்புல சூடு ஏறியிருக்கும். வெந்தயம் ஊறப்போடுதேன்.”

“வெந்தயத்துல போறது இல்ல இது. வகுப்பெடுத்த அந்தத் தம்பி ஒண்ணு சொன்னான். ‘இத்தன வருசம் ஒண்ணும் நடக்கலங்கிறதுக்குப் பேரு அனுபவம் இல்லண்ணே, தப்பிச்சிக்கிட்டு இருந்திருக்கீக, அம்புட்டுத்தான்’னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நானும் சிரிச்சேன். மறுநா அந்த ரூமுக்குள்ள காலெடுத்து வெச்சேன் பாரு, ஒவ்வொரு உரசலும் காதுல கேக்குது. முன்னாடி கேட்டதே இல்ல குருவு.”

எனக்குச் சந்தேகம் வந்தது. வேலையிலிருந்து நழுவ ஆண்பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வியாதிகளுக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் முழங்கால் என்று ஒன்று வைத்திருந்தார். அதனால் அடுத்த நாள் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, விளிம்பு வரைக்கும் டீ ஊற்றிய டம்ளரைச் சுவருக்கு மேலே நீட்டினேன். வாங்கினார், குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“பாத்தியா குருவு, பாசாங்கு” என்று அவர் போனபிறகு சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், அரிசி மாவும் சல்லடையும் எடுத்து வந்து புறவாசலில் பாயை விரித்தாள். அண்ணாச்சியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள்.

“சலிங்க.”

சலித்தார். நான் இத்தனை வருஷம் மாவு சலிக்கிறேன், எனக்கு அப்படி வராது. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. மாவு சத்தமில்லாமல் இறங்கிக் கூம்பாகக் குவிந்தது.

“இப்ப இது மாவு இல்ல, மருந்துன்னு நெனச்சுக்கிட்டுச் சலிங்க.”

அண்ணாச்சி கண்ணை மூடினார். சல்லடை முதலில் நின்றது. பிறகு தட்டு வண்டி ஓடுவதுபோல் தடதடவென்று அடித்தது. மாவு பறந்து என் துணியெல்லாம் வெள்ளை. நான் வாயை மூடிக்கொண்டேன். திட்டுவதற்கு நிறைய இருந்தும் மூடிக்கொண்டேன்.

“முன்னாடி எப்படிச் சலிச்சீகளோ அப்படியே சலிங்களேன்” என்றாள் குருவம்மாள்.

“எப்படிச் சலிச்சேன்னு தெரிஞ்சாத்தான அப்படியே சலிக்க? அப்பச் செய்யத் தெரிஞ்சுச்சு, என்னன்னு தெரியல. இப்ப என்னன்னு தெரிஞ்சு போச்சு, செய்ய வரல. நான் என்ன செய்யட்டும்?”

நான் வேலை பார்க்கும் பால்வாடியில் எனக்கு இது தெரிந்த சமாசாரம்தான். தத்தித் தத்தி நடக்கும் பிள்ளையைப் பார்த்து “அடே, நடக்குறியா!” என்று கை தட்டினால் அது தன் காலைக் குனிந்து பார்க்கும். பார்த்ததும் உட்கார்ந்துவிடும். ஆனால் பிள்ளை உட்கார்ந்தால் கீழே பாய்தான் இருக்கிறது. அண்ணாச்சிக்குக் கீழே இருப்பது பாய் இல்லை.

புருஷனும் பெண்டாட்டியும் இருக்கன்குடிக்குப் போனார்கள். கூட்டம் அதிகமான நாள், மூட்டை முடிச்சைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன். எங்கள் பாஸ்டருக்குத் தெரிய வேண்டாம். கோயில் வாசலில் உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பைத் தகட்டில் செய்து விற்பார்கள். கண், கால், கை, வயிறு. வாங்கி அம்மனுக்குச் செலுத்த வேண்டும். அங்கே ஒரு சண்டை.

“கை வாங்குங்க” என்றாள் குருவம்மாள்.

“கைக்கு என்ன? கை நல்லாத்தான் இருக்கு. தலை வாங்கு.”

“தலைக்கு என்ன கேடு? முதல் மார்க் வாங்குன தலை!”

“அதான் கேடு.”

கடைக்காரர் இரண்டு தகட்டையும் கையில் பிடித்துக்கொண்டு, “நோவு எங்கனன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, பின்னாடி ஆளு நிக்கி” என்றார். கடைசியில் தலையை வாங்கினார்கள். ஊர் முழுக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பு வர வேண்டும் என்று அம்மனைக் கும்பிடுகிறது. அண்ணாச்சி மட்டும் அந்த நெரிசலில் கையெடுத்து நின்று, “ஆத்தா, கேட்டத மறக்க வையி. தெரிஞ்சது தெரியாமப் போகணும்” என்று வாய்விட்டு வேண்டினார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பையனை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எதை மறக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வருமே. பஸ்ஸில் வரும்போது ஜாபஸ் சொன்னதை வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார், உதடு மட்டும் அசைந்தது.

ஆடி பிறந்தது. தீபாவளி ஆர்டர் குவிகிற நேரம். கம்பெனி வேன் விடியும் முன்பே வந்து ஹாரன் அடித்தது. ஒரு நாள் மருந்து அறையில் சல்லடை அண்ணாச்சி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு வாசல் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை அள்ளி, கலந்தது கலக்காதது எல்லாவற்றின் மேலும் ஊற்றிவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைய லோடு முழுவதும் நாசம். நல்ல சரக்கின் மேல் இப்படிப் பதறித் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

மேனேஜர் முனியராஜ் வந்தார். மீசைக்கு மை பூசிக்கொள்கிற ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. அங்கே நடந்ததைக் குருவம்மாள் என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

“என்ன அண்ணாச்சி இது? தண்ணி திருவிழாவா?”

“சார், என்னைய வேற எடத்துக்கு மாத்துங்க. பேக்கிங்ல போடுங்க, கூட்டச் சொல்லுங்க, கூட்டுதேன். இங்கன பெத்தணனை விடுங்க. அவன் கை நல்லாருக்கு.”

“பெத்தணன்ட்ட சர்டிபிகேட் இருக்கா?”

“இல்ல. ஆனா கை…”

“கையவா காட்ட முடியும் ஆபீசர்ட்ட? திடீர்னு வந்து நிக்கிறாக. ஒங்க பேரத்தான் எளுதி அனுப்பியிருக்கோம். அந்த ரூமு ஒங்க பேர்லதான் நடக்குது. நீங்க இல்லன்னா பூட்டணும். பூட்டுனா அம்புட்டுப் பொம்பளையாளும் வீட்டுக்குப் போகணும், சீசன்ல. எல்லாம் தெரிஞ்ச ஆளுன்னு முதல் மார்க் குடுத்திருக்கு, தெரியலங்கிறீக. யாரு நம்புவா? முடியலன்னா எளுதிக் குடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணுங்க. நான் என்ன செய்ய, முதலாளி சொல்றத சொல்றேன்.”

கை நடுங்குகிற மருந்துக்காரர் என்று பேர் விழுந்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் வாசலில்கூட விடாது. அது அண்ணாச்சிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். அந்த வாரக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆர்டர். திங்கட்கிழமையிலிருந்து மருந்து இரண்டு மடங்கு கலக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அன்று சண்டைகூட இல்லை.

“குருவு, திங்கக்கிழமை நீ வராத. காச்சல்னு சொல்லிரு.”

“ஏன்?”

“ஒன் செட்டு என் ரூமுக்கு அடுத்தாப்புல. போனா நான் மட்டும் போக மாட்டேன்.”

“நான் வராம இருந்துட்டா மத்தவளுக கதி என்ன? அழகுமீனா கைப்பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு வாரா. அவளையும் காச்சல்னு சொல்லச் சொல்லவா? செட்டுக்கே காச்சல்னு சொல்லவா?”

நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்குத் துணியே இல்லை.

தலையிடாத என் கொள்கையை ஒரு நாளைக்கு ஒதுக்கிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜாபஸைப் பிடித்து, சபைக் கோயில் வளாகத்து வாகை மரத்தடியில் நிறுத்தினேன். அண்ணாச்சியும் குருவம்மாளும் அங்கே காத்திருந்தார்கள்.

“தம்பி, என்னையப் பெயில் போட்டுரு” என்றார் அண்ணாச்சி, வணக்கம்கூடச் சொல்லாமல்.

ஜாபஸ் சிரித்தான். “அண்ணே, ஊர்ல எல்லாரும் பாஸ் போடுன்னுதான் வருவாக.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டுப் பாரு. இப்பவே கேளு.”

பையன் விளையாட்டு என்று நினைத்துக் கேட்டான். மருந்து அறைக்குள் போகுமுன் முதலில் என்ன செய்யணும்? செருப்பை இறுகக் கட்டிக்கொள்ளணும் என்றார் அண்ணாச்சி. அள்ளுவதற்கு எந்தக் கரண்டி? இரும்புக் கரண்டி. வெயில் ஏறினால்? கதவைச் சாத்திக்கொண்டு வேகமாகச் சலிக்கணும். மழை மேகம் மின்னினால்? பக்கத்து அறை ஆட்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளணும். நிறுத்தாமல், யோசிக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஜாபஸ் கைதட்டினான். “அண்ணே, தெரியாதவன் நாலு கேள்வில ஒண்ணையாச்சும் தப்பித் தவறிச் சரியாச் சொல்லிருவான். ஒண்ணுகூடச் சரியா வந்திரக் கூடாதுன்னு இம்புட்டுச் சுத்தமாத் தப்புச் சொல்லணும்னா, எல்லாம் தெரிஞ்சிருக்கணும். இப்பக் கேட்டாலும் நீங்கதான் முதல் மார்க்கு.”

அண்ணாச்சி இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதப் பாரு.”

கை அசையாமல் நின்றது. வாகை மரத்தடியில் மருந்து ஏது?

“நல்லாத்தானண்ணே இருக்கு.”

“உள்ள போனா ஆடுது தம்பி. சத்தியமா ஆடுது.”

ஜாபஸ் சிரிப்பை நிறுத்தினான். குருவம்மாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பயம் நல்லதுண்ணே. பயந்தவன்தான் ஒளுங்கா வேலை செய்வான்.”

“பயம் தலையில இருந்தா நீ சொல்றது சரி. கையில எறங்கிருச்சே.”

“பளகிரும்…” என்றவன், சொல்லும்போதே தனக்கு அது தெரியாது என்று உணர்ந்தவன்போல நிறுத்தினான். “அண்ணே, நான் கலந்ததில்ல. கலக்கச் சொன்னா எனக்கும் ஆடும். ஆனா நான் கேள்விதான் கேக்க முடியும். பதில் சரியா இருந்தா பாஸு. குடுத்த சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்குறதுக்கு எனக்கு அதிகாரமில்ல. பெத்தணன் அண்ணனுக்கு மறுபடி வகுப்பு வெக்கலாம், தீபாவளி களிச்சு.”

தீபாவளிக்குப் பிறகு. அண்ணாச்சி தலையாட்டினார். வணக்கம் சொன்னார். பையன் கண் கலங்கிப்போய் பைக்கை ஸ்டார்ட் செய்ய மறந்து உருட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தபோது உச்சிவெயில். குருவம்மாள் புறவாசல் அடுப்பில் உலை வைத்தாள். அண்ணாச்சி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பக்கத்தில் கீரை ஆய்ந்தேன். ஆய்ந்த கீரையையே ஆய்ந்தேன் என்றும் சொல்லலாம். மூன்று பேருக்கும் திங்கட்கிழமை ஒன்றுதான் தெரிந்தது.

சோறு வெந்தது. குருவம்மாள் சோறு வடிப்பதை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! இடுப்பில் பிள்ளையோடு வடித்திருக்கிறாள், காய்ச்சலில் வடித்திருக்கிறாள், தெருவில் யார் வீட்டுச் சடங்கென்றாலும் இரண்டு பேர் தூக்குகிற பானையைத் தனியாகச் சாய்த்து வடித்திருக்கிறாள். எங்களோடு வம்பளந்துகொண்டே, பானைப் பக்கம் திரும்பாமல், கஞ்சியை நூல் பிடித்ததுபோல் சட்டியில் இறக்குவாள். காலில் ஒரு சொட்டு பட்டு நான் கண்டதில்லை.

அன்று அவள் பானையின் வாயைத் தட்டால் மூடி, துணியைப் பிடித்துத் தூக்கினாள். சட்டி தரையில் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“அந்தச் சட்டிய ஒரு கை பிடிங்க.”

அவள் வடிக்கும்போது யாரையும் எதையும் பிடிக்கச் சொன்னதே இல்லை. கிட்டே வந்தால் விரட்டுவாள். அண்ணாச்சியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. வலது கையை நீட்டிச் சட்டியின் விளிம்பைப் பிடித்தார்.

அவள் சாய்த்தாள்.

பானை நழுவவில்லை. நழுவினால் தட்டு தெறிக்கும், சோறு கொட்டும், பானை உருளும். ஒரு பருக்கை விழவில்லை. கொதிக்கிற கஞ்சி மட்டும் தாரையாக, அவர் புறங்கையில், மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் இறங்கியது. அண்ணாச்சி கையை இழுக்கவில்லை. அந்தக் கை அப்போது ஆடவும் இல்லை.

கத்தியது அவள்தான். பானையைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவைத்துவிட்டுத்தான் கத்தினாள். தலையில் அடித்துக்கொண்டு, அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அய்யா, அய்யா” என்று அவரைக் கூப்பிட்டாளா கடவுளைக் கூப்பிட்டாளா தெரியவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அளாத குருவு, அளாத” என்றார். நான் சுவரைத் தாண்டினேன். இந்த உடம்போடு எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நர்ஸ் ஜாஸ்பின் கட்டுப் போட்டாள். “எப்படிக்கா ஆச்சு?” என்று கேட்டாள். குருவம்மாள் சுவரைப் பார்த்தாள்.

“பானை நளுவிருச்சும்மா” என்றார் அண்ணாச்சி.

ஜாஸ்பின் என்னைப் பார்த்தாள். ஊரில் ஒரு விஷயம் உண்மையா என்று தெரிய வேண்டுமென்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

“நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நளுவிருச்சு” என்றேன்.

திங்கட்கிழமை மேனேஜர் முனியராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டுக்கு மேலே தெரிந்த கொப்புளத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். வீட்டில் நடந்த விபத்து, சீசன் நேரம், அடிபட்டவரை வெளியே போ என்று சொன்னால் ஊர் காறித் துப்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறையைப் பூட்டாமல் இருக்க, தேறிய ஆள் ஒருவரை வேறு கம்பெனியிலிருந்து, கை ஆறும் வரைக்கும் என்று எப்படியோ கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

“வீட்டைப் பத்தி ஒண்ணும் நெனைக்காதீக அண்ணாச்சி. நல்லா ஆறட்டும். ஆறுன அன்னைக்கு வாங்க. அந்த ரூமு ஒங்களுக்குத்தான். நான் பாத்துக்கிடுதேன்” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

குருவம்மாள் அன்று முதல் அவருக்குச் சோறு ஊட்டினாள். அவள் புண்ணுக்கு மருந்து தடவுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பேன். கோழி இறகால் தடவுவாள், மூச்சுக்கூட விடமாட்டாள். எரிகிறதா என்று கேட்பாள். அவர் இல்லை என்பார். “சீக்கிரம் ஆறிரும்” என்று ஒரு நாள் ஆறுதலுக்குச் சொல்லிவிட்டேன். இறகு அப்படியே நின்றது. ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை, ஆறக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. நான் இனிமேல் ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கட்டு மாற்றுவதற்குப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போனேன். கடைசியாகப் போனது ஐப்பசிக்கு முன்னால், சீசன் உச்சத்தில் இருந்தபோது. ஜாஸ்பின் கட்டைப் பிரித்துத் தட்டில் போட்டாள். புறங்கையில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

“அண்ணாச்சி, அருமையா ஆறியிருக்கே! மடக்குங்க. நீட்டுங்க. பெருவிரலத் தொடுங்க. ஏ அப்பா, கொஞ்சம்கூட நடுக்கமில்ல பாருங்க.” அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். “நாளையிலருந்து தாராளமா வேலைக்குப் போகலாம். பளைய வேலையே செய்யலாம்.”

சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். நல்ல செய்தி சொன்னவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அண்ணாச்சி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“இன்னுங் கொஞ்ச நாளு கட்டு இருக்கட்டுமேம்மா” என்றாள் குருவம்மாள்.

“எதுக்குக்கா? ஆறிருச்சே. இனிமேக் காத்துப் படணும்.”

“கொஞ்ச நாளு.”

“வேண்டாங்க்கா, நான் சொல்றேன்ல.”

குருவம்மாள் தட்டில் கிடந்த பழைய துணியை எடுத்தாள். அண்ணாச்சி கையைத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சுற்று, உள்ளங்கையில் ஒரு சுற்று என்று இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். ஜாஸ்பின் “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாள். அவள் நிமிரவில்லை. அண்ணாச்சி விரலை விரித்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு விரலாகச் சுற்றினாள்.